உப்புத் தண்ணீர்த் தொட்டியில் மீன் ஏன் செத்தது? - 180 வருஷத் துப்பறியும் கதை

செம்பரம்பாக்கம் என்று ஊர் பேரைச் சொன்னால் எல்லோரும் கேட்பது 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றித்தான். ஏரி 24 அடி, கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி, விநாடிக்கு 29,000 கன அடி திறந்தது என்று எங்களுக்கே இப்போது மனப்பாடம். ஆனால் இந்தப் பதிவு ஏரியைப் பற்றி அல்ல. ஏரிக்கரை ஊரில், கடலிலிருந்து இத்தனை தள்ளி, ஹாலில் ஒரு குட்டிக் கடலை வைத்துக்கொண்டு அவதிப்பட்ட என் மாமாவைப் பற்றியும், அவருக்காக நான் படிக்கப் போய் மாட்டிக்கொண்ட ஒரு வரலாற்றைப் பற்றியும்.

விஷயம் இதுதான். மாமாவிடம் 300 லிட்டர் உப்புத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. பவளப்பாறை மாதிரியே செய்த செயற்கைப் பாறைகள். (நிஜப் பவளம் வைக்கக் கூடாது. 1972ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் பவளங்களைச் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு இருக்கும் பாதுகாப்பு அதற்கும் உண்டு. கடல் குதிரையும் அப்படித்தான்.) அதில் இரண்டு கோமாளி மீன், மூன்று நீல டேம்சல், ஒரு இறால், ஒரு ஹெர்மிட் நண்டு. ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. மழைக்காலம் ஆரம்பித்த ஒரு வாரத்தில் சனிக்கிழமை காலை இறால் செத்துக் கிடந்தது. அன்று சாயங்காலம் நண்டு. திங்கள், செவ்வாய், புதன் என்று வரிசையாக மூன்று டேம்சல். வியாழக்கிழமை ஒரு கோமாளி. மாமா டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்தார். அமோனியா பூஜ்யம். நைட்ரைட் பூஜ்யம். உப்பு அடர்த்தி 1.024. வெப்பம் 28 டிகிரி. எல்லாம் சரி, மீன் மட்டும் இல்லை.

"நீதான் சரித்திரம் படிக்கிறியே, இதுக்கு முன்னாடி யாருக்காவது இப்படி ஆகியிருக்கான்னு பாரேன்" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். நான் நிஜமாகவே பார்த்தேன்.

முதலில் கிடைத்தவர் ஒரு பெண்மணி. ஆனா தின் என்று பெயர். லண்டனில் ஒரு பாதிரியாரின் மனைவி. 1846-ல் டார்க்வே கடற்கரைக்குப் போனவர், அங்கே பாறையில் ஒட்டியிருந்த கல் பவளங்களைப் பார்த்து ஆசைப்பட்டு உயிரோடு லண்டனுக்குக் கொண்டு வந்துவிட்டார். கடல் தண்ணீர் தீர்ந்தால் மறுபடி கடற்கரைக்குத்தான் போக வேண்டும். அதனால் இருக்கிற தண்ணீரையே கெடாமல் வைத்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தார். திறந்த ஜன்னலுக்கு எதிரே நின்று தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி ஊற்றி எடுப்பது. நம்ம டீக்கடையில் ஆற்றுவது போல. ஆற்றியது அவர் இல்லை, வீட்டு வேலைக்காரி! அந்தப் பெண்ணின் பெயரை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. உலகின் முதல் ஏர் பம்ப் அவர்தான் என்பது என் கட்சி. பிறகு கடல் பாசிகளையும் சேர்த்து, அந்தப் பவளங்களை வருஷக்கணக்கில் வைத்திருந்தார் ஆனா தின்.

காற்று இவ்வளவு முக்கியமா என்றால், ஆமாம். 28 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே வெப்பத்தில் கடல் தண்ணீர் பிடிப்பது 6.4 தான். உப்பு ஏற ஏற, சூடு ஏற ஏற ஆக்சிஜன் குறையும். அதனால்தான் மே மாதம் ராத்திரி மூன்று மணி நேரம் கரண்ட் போனால் நம்ம ஊரில் கடல் மீன் தொட்டிக்கு ஆபத்து. அப்படி மூச்சு முட்டிச் சாகும்போது மீன்கள் முதலில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பெரும்பாலும் பெரிய மீன்தான் முதலில் போகும். அதுவும் விடியற்காலையில், கூட்டமாக. மாமா வீட்டில் நடந்தது அப்படி இல்லை. கரண்ட் போகவில்லை, பம்ப் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொன்றாகப் போனது, அதுவும் இறாலில் தொடங்கி.

சரி, அடுத்த ஆள். ராபர்ட் வாரிங்டன், லண்டன் வேதியியலாளர். 1849-ல் தங்க மீன்களை ஒரு தொட்டியில் விட்டு, கூடவே வாலிஸ்னேரியா செடியும் வைத்தார். மீன் விடும் மூச்சு செடிக்கு, செடி விடும் மூச்சு மீனுக்கு என்பது கணக்கு. ஆனால் செடியின் பழைய இலை அழுகித் தண்ணீர் கலங்கியது. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டார். தண்ணீர் தெளிந்தது. 1850-ல் இதைக் கெமிக்கல் சொசைட்டியில் கட்டுரையாக வாசித்தார். செடி, மீன், நத்தை மூன்றும் சேர்ந்தால் ஒரு சமநிலை வந்துவிடும், தண்ணீர் மாற்ற வேண்டாம் என்பது சாரம். அதற்குப் பிறகு லண்டனே பைத்தியம் பிடித்து அலைந்தது. 1853 மே மாதம் ரீஜன்ட்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையில் மீன் மாளிகை திறந்தார்கள். பிலிப் ஹென்றி காஸ் என்பவர் 1854-ல் 'தி அக்வேரியம்' என்ற புத்தகமே எழுதினார். கடல் தண்ணீரை வீட்டிலேயே தயாரிக்கவும் வழி சொன்னார். சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, நாலே நாலு சரக்கு. பாக்கெட்டை உடைத்துக் கலக்கும் மாமாவுக்குக் கொள்ளுத்தாத்தா இவர்.

பைத்தியம் ரொம்ப நாள் நிற்கவில்லை. 1860களிலேயே ஆர்வம் அடங்கிவிட்டது. காரணம் எளிது. சமநிலை என்று நம்பி மீனைத் திணித்தார்கள், மீன் செத்தது, நாற்றம் தாங்காமல் தொட்டியைக் கடாசினார்கள்.

வாரிங்டன் கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் கணக்கில் சேர்த்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒன்று விட்டுப்போயிருந்தது. அதைத் தொட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அவருடைய சொந்த மகன். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்! இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு மாமாவுக்குப் போன் செய்தேன்.

முதலில் 1877-ல் பிரான்சில் ஷ்லேசிங், மியூன்ட்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு நீளமான குழாயில் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பி, மேலேயிருந்து சாக்கடைத் தண்ணீரை மெதுவாக விட்டார்கள். கீழே வரும் தண்ணீரைச் சோதித்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள், பத்து நாள், அமோனியா அப்படியே வந்தது. சுமார் 20 நாள் கழித்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அமோனியா முழுசாக நைட்ரேட் ஆகிவிட்டது. இது வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். 20 நாள் காத்திருப்பானேன்? குழாயில் குளோரோஃபார்ம் ஆவியை விட்டார்கள். வேலை நின்றுவிட்டது. ஆக, உள்ளே ஏதோ உயிர் இருக்கிறது, அது பெருகி வர நாள் எடுத்திருக்கிறது.

உப்புத் தண்ணீர் மீன் வளர்க்கிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கலாம். மணல் நிரப்பிய குழாய் என்பது நம்ம ஃபில்டர்தான். 20 நாள் என்பது புதுத் தொட்டி பழகும் காலம். தொட்டி வாங்கிய மறுநாளே மீனை விட்டு, பத்தாம் நாள் எல்லாம் செத்து, "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று புலம்புகிறோமே, அதற்கான பதில் 1877-லேயே வந்துவிட்டது.

மகன் வாரிங்டன் இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணையில் மண்ணை வைத்து இதே வேலையைத் தொடர்ந்தார். அமோனியா நைட்ரைட் ஆவது ஒரு படி, நைட்ரைட் நைட்ரேட் ஆவது இன்னொரு படி, இரண்டையும் செய்வது வேறு வேறு உயிர்கள் என்று காட்டினார். ஆனால் அவற்றைத் தனியே பிரித்து வளர்க்க அவரால் முடியவில்லை. 1890-ல் ஜூரிச்சில் இருந்த வினோகிராட்ஸ்கி அதைச் சாதித்துப் பேரைத் தட்டிக்கொண்டு போனார். அப்பா தொட்டியில் விட்ட ஓட்டையை அடைக்கும் சரக்கு மகன் கையில் இருந்தது, ஆனால் மகனுக்குக் கவலை கோதுமை வயலைப் பற்றி. இந்தச் செய்தி மீன் வளர்ப்பவர்கள் காதுக்கு முழுசாக வந்து சேர இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

கடல் தண்ணீரில் இது ஏன் இன்னும் மோசம் என்றால், அமோனியாவில் விஷமுள்ள வடிவம், விஷம் குறைந்த வடிவம் என்று இரண்டு உண்டு. பி.எச். 7 இருக்கும் நல்ல தண்ணீரில் விஷ வடிவம் நூற்றில் ஒரு பங்கு கூட இருக்காது. கடல் தண்ணீரின் பி.எச். 8.2. அங்கே நம்ம ஊர் வெப்பத்தில் அது பத்தில் ஒரு பங்கை நெருங்கிவிடும். கிட்டில் அதே அளவு காட்டினாலும், கோல்டு ஃபிஷ் தாங்குவதைக் கோமாளி மீன் தாங்காது.

(இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அமோனியாவைத் தின்பது பாக்டீரியா மட்டும்தான் என்று நூறு வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தினார்கள். 2005-ல் பாக்டீரியாவே இல்லாத, ஆர்க்கியா என்ற வேறு குலத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிர் அதே வேலையைச் செய்வதைக் கண்டுபிடித்தார்கள். எங்கிருந்து பிரித்தெடுத்தார்கள் தெரியுமா? அமெரிக்காவில் சியாட்டில் அக்வேரியத்தின் கடல் மீன் தொட்டியிலிருந்து!)

ஆனால் மாமா தொட்டி ஆறு மாதம் ஓடிய தொட்டி. அமோனியா பூஜ்யம். இந்தக் குற்றவாளியையும் விடுதலை செய்ய வேண்டியதாகிவிட்டது.

நம்ம ஊருக்கு வருவோம். மெட்ராஸ் மெரினாவில் 1909-லேயே பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் நடந்தது. அந்த அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனை நாம் தென்னிந்திய சாதிகள் பற்றிய தொகுதிகளுக்காகத்தான் நினைவு வைத்திருக்கிறோம். அவர் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குகள், கடல் உயிரினங்கள் பற்றி 1890-லேயே எழுதியவர். 1919-ல் காட்சியகம் மீன்வளத் துறை கைக்குப் போனது. இரண்டாம் உலகப் போர் வந்தது, ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியானபோது இதையும் மூடிவிட்டார்கள். 2019-ல் ஈ.சி.ஆரில் தனியார் கடல் காட்சியகம் திறந்தபோது புதுசு புதுசு என்று வரிசையில் நின்றோம், 110 வருஷம் முன்பே நம்ம தாத்தாக்களின் தாத்தாக்கள் மெரினாவில் நின்று பார்த்துவிட்டார்கள் என்பது தெரியாமல். அந்தக் காலத்தில் அங்கே மீன்கள் எப்படிச் செத்தன, எப்படிப் பிழைத்தன என்று யாராவது உட்கார்ந்து எழுதினால் முதல் பிரதி எனக்கு.

லண்டனில் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். 1924-ல் அங்குள்ள மிருகக்காட்சி சாலை புதிய மீன் காட்சியகம் திறந்தது. வெப்பக் கடல் மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பிரவுன் என்ற ஆய்வாளர் செத்த மீன்களின் செவுளை நுண்ணோக்கியில் பார்த்து 1931-ல் ஒரு புது ஒட்டுண்ணியை விவரித்தார். இன்று 'வெல்வெட்' நோய் என்கிறோமே, அது. மீன் மேல் தூசி படிந்தாற்போலத் தெரியும், பல சமயம் அதுவும் தெரியாது, செவுளில் உட்கார்ந்து மூச்சை அடைத்துவிடும். வெள்ளைப் புள்ளி நோயைக் கொண்டுவரும் கடல் ஒட்டுண்ணியை ஜப்பானில் சிகாமா 1937-ல் எழுதினார், அதற்கு 1951-ல் இன்றைய பெயர் வைத்தவரும் அதே பிரவுன்தான். ஆகவே "காரணமில்லாமல் செத்தது" என்று சொல்வதற்கு முன் செவுளைப் பார்க்க வேண்டும். மாமா பார்த்தார். அவருடைய பழைய பள்ளிக்கூட நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியவில்லை. அதைவிட முக்கியமான தடயம் வேறு. வெல்வெட்டும் வெள்ளைப் புள்ளியும் மீனைத்தான் பிடிக்கும். இறாலையும் நண்டையும் ஒன்றும் செய்யாது. நம்ம வழக்கில் முதல் இரண்டு பிணமும் ஓடு உள்ளவை.

ஓடுள்ளவை முதலில் சாகின்றன என்றால் உடனே சந்தேகப்பட வேண்டியது செம்பு. ஒட்டுண்ணியைக் கொல்லச் செம்பு உப்பு போடுவது பழைய வைத்தியம். மீன் தாங்கும் அளவையே இறால், நண்டு தாங்காது. ஆனால் மாமா மருந்தே போடவில்லை. எங்கள் தெரு போர் தண்ணீர் கடல் தண்ணீரோடு போட்டி போடும் அளவுக்கு உப்பு, அதனால் ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்புப் பாக்கெட் கலக்கிறார். பித்தளைக் குழாய் எதுவும் வழியில் இல்லை.

சயனைடு? பிலிப்பைன்ஸில் 1960களில் ஆரம்பித்த கொடுமை. பவள இடுக்கில் சயனைடு கரைசலைப் பீச்சி, மயங்கிய மீனைப் பிடிப்பது. மீன் அழகாகக் கடைக்கு வந்து, நன்றாகச் சாப்பிட்டு, சில நாளோ சில வாரமோ கழித்துக் காரணம் தெரியாமல் போய்ச் சேரும். வாங்கியவன் தன் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருப்பான். ஆனால் ஆறு மாதம் கழித்தா? இல்லை. தவிர மாமாவின் கோமாளி மீன்கள் பொரிப்பகத்தில் பிறந்தவை. மண்டபத்தில் இருக்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் வழியைக் கைக்குக் கொண்டுவந்து பல வருஷமாகிறது. கடலில் பிடித்ததைவிட இதை வாங்குவது புண்ணியம் என்பது மாமாவின் கொள்கை.

இப்படி ஒவ்வொருவராக விடுதலை ஆனபின் மிச்சம் என்ன? தண்ணீரில் இருந்து வரவில்லை, மீனிலிருந்து வரவில்லை, தீனி பழைய தீனிதான். வெளியிலிருந்து தொட்டிக்குள் போவது இன்னும் ஒன்றுதான். ஆனா தின் வீட்டு வேலைக்காரி ஜன்னலோரம் நின்று ஆற்றினாளே, அது. காற்று.

நான் மாமா வீட்டுக்குப் போய் ஹாலில் தரையோடு தரையாக உட்கார்ந்து பார்த்தேன். ஏர் பம்ப் தொட்டிக்குக் கீழே அலமாரியில். அதன் பக்கத்திலேயே ப்ளக் பாயின்ட். அதில் பச்சை விளக்கு எரிய, கொசு லிக்விட் மெஷின்.

"அத்தை, இது எப்போ இங்க வந்துச்சு?"

"போன வெள்ளிக்கிழமைப்பா. அந்தப் பக்க சுவிட்ச் கெட்டுப்போச்சு. மழை வந்தவுடனே ஏரிக் கொசு பிடுங்கித் தின்னுது, என்ன பண்றது?"

வெள்ளிக்கிழமை ராத்திரி மெஷின். சனிக்கிழமை காலை இறால்.

வினோகிராட்ஸ்கி பாக்டீரியாவைப் பிரித்த அதே 1890-ல், ஜப்பானில் உயேயாமா என்பவர் பூச்சிக்கொல்லிச் சாமந்திப் பூவின் பொடியை ஊதுபத்தியாகத் திரித்துக் கொசுவத்தி செய்தார். சுருள் வடிவம் பிறகு வந்தது. அந்தப் பூவில் இருக்கும் விஷத்தின் மாதிரியை அமெரிக்காவில் 1949-ல் செயற்கையாகச் செய்தார்கள், அலெத்ரின் என்று பெயர். இன்றைய கொசு மெஷின் பாட்டிலில் இருப்பவை அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். நம் உடம்பு இவற்றைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். மீனால் அப்படி முடியாது. பூச்சிக்குச் சொந்தக்காரர்களான இறாலுக்கும் நண்டுக்கும் இன்னும் மோசம். பாட்டில் அட்டையிலேயே மீன் தொட்டியை மூடி வையுங்கள் என்ற மாதிரி பொடி எழுத்தில் போட்டிருக்கும், யார் படிக்கிறார்கள்? ஏர் பம்ப் ராத்திரி முழுக்க அந்தக் காற்றை உறிஞ்சிக் குமிழி குமிழியாகத் தண்ணீருக்குள் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. டெஸ்ட் கிட்டில் இதற்குச் சோதனை கிடையாது.

இதை நிரூபிக்க என்னிடம் ஆய்வகம் இல்லை. தண்ணீரை எங்கும் அனுப்பிப் பார்க்கவும் இல்லை. மெஷினை அன்றே எடுத்தோம். பாதித் தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன் போட்டோம். ஏர் பம்ப்பின் உறிஞ்சும் வாயில் ஒரு குழாய் மாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டோம் (தெருவில் கொசுப் புகை வண்டி வரும் சத்தம் கேட்டால் ஓடிப்போய் நிறுத்துவது என் அத்தை பெண்ணின் வேலை). மிஞ்சிய ஒரு கோமாளி இரண்டு நாள் மூலையில் சாய்ந்தே கிடந்தது. மூன்றாம் நாள் தீனிக்கு மேலே வந்தது.

அத்தைக்கு மனசு கேட்கவில்லை. "நான்தான் கொன்னுட்டேன்" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வாரிங்டனுக்கும், லண்டன் மிருகக்காட்சி சாலைக்கும் கூட இப்படித்தான் ஆச்சு அத்தை என்று நான் சொன்ன சமாதானம் எடுபட்டதாகத் தெரியவில்லை :-) ஹாலில் இப்போது கொசுவலை கட்டியிருக்கிறார்கள். நண்டு விட்டுப்போன சங்கை மாமா எடுக்கவில்லை, மணலிலேயே கிடக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்ததும் அந்தக் கோமாளி அதன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது.